அடிமூச்சு

நாமக்கல் வட்டாரத்தில் லாரிகளின் காற்றுப்பைகளுக்கு வீட்டு ஆட்கள்தான் வாயால் ஊதி அடிமூச்சு வைப்பார்கள். பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும் அந்த ரப்பர் பைகள்தான் பாரத்தைத் தாங்குகின்றன. ஏற்றுகிற பாரத்துக்குத் தக்கபடி மேற்கொண்டு காற்றை அனுப்புவதையும் வெளியே விடுவதையும் கம்ப்ரசரும் லெவல் வால்வும் பார்த்துக்கொள்ளும். ஆனால் அடியில் ஒரு மனித மூச்சு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் யாருக்காகத் தாங்குகிறோம் என்று பைக்குத் தெரியாது. ஓட்டுகிறவர் ஊதக்கூடாது. அவர் எப்படியும் வண்டியில் இருக்கிறாரே.

செங்கோடனின் வண்டிக்கு இடது பையை அவர் மனைவி பாவாயி ஊதினாள். வலது பையை மகள் கோகிலவாணி ஊதினாள். அப்போது அவள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். யூனிபாரத்தோடு பாடி கட்டும் ஷெட்டுக்கு வந்து, பாதி கடித்த கொய்யாக்காயை அம்மா கையில் கொடுத்துவிட்டு, கன்னம் இரண்டும் உப்ப ஒரே மூச்சில் ஊதி முடித்தாள். பாவாயியால் அப்படி முடியவில்லை. நடுநடுவே நிறுத்தி, முந்தானையால் வாயைத் துடைத்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி ஊதினாள். பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி தெருவுக்கு வந்தபோது இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றது.

அந்த வண்டியில் செங்கோடன் பெங்களூருக்கு முட்டை ஏற்றிப் போவார். முட்டையை இறக்கிவிட்டு, தாவணகெரே பக்கம் போய், கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளத்தை ஏற்றிக்கொண்டு திரும்புவார். போகும்போது தொட்டால் உடைகிற பாரம், வரும்போது அச்சை முறிக்கிற பாரம். இரண்டுக்கும் வண்டி ஒத்துப்போனது. கோழிப்பண்ணைக்காரர் கந்தப்பன் மற்ற வண்டிகளில் முட்டைத் தட்டுகளுக்கு நடுவே வைக்கோல் திணிக்கச் சொல்வார். செங்கோடனின் வண்டி வந்தால் வைக்கோலைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

பாவாயி காய்ச்சலில் இறந்தாள். படுத்தாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், போய்விட்டாள். செங்கோடன் அப்போது சோள லோடோடு சித்ரதுர்காவைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு வண்டி முன்னெப்போதும் ஓடாத மாதிரி ஓடியது. பாலத்து மேடுகள் தெரியவில்லை. ரோடு வெட்டிப் போட்ட இடங்கள் தெரியவில்லை. டீ டம்ளரை டேஷ்போர்டில் வைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. இவ்வளவு நன்றாக ஓடுகிற வண்டியில் சத்தம் எதற்கு என்று பாட்டையும் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் போன் வந்தது.

ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்த மகளுக்கு அவரேதான் சொன்னார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து போன் செய்தார்.

"அம்மா போயிட்டா கண்ணு."

மறுமுனையில் மூச்சு உள்ளே போகிற சத்தம் கேட்டது.

"அழுகாத" என்றார்.

"சரிங்கப்பா" என்றாள் கோகிலவாணி.

அவள் அழவில்லை. அவர் வந்து சேர்வதற்குள் அவளும் மருமகனும் வந்துவிட்டிருந்தார்கள். உறவுக்காரப் பெண்கள் வாசலில் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, அவள் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், அம்மாவுக்கு எந்தப் புடவை என்று பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொள்ள வந்தபோது அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். காரியமெல்லாம் முடிந்து ஓசூருக்கு பஸ் ஏறுகிறபோது, "வேளாவேளைக்குச் சாப்பிடுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு வண்டி இடது பக்கம் சாயத் தொடங்கியது.

முதலில் லேசாகத்தான். டேஷ்போர்டில் வைத்த பேனா இடது கதவுக்குப் போய்விடும். எடுத்து வைத்தால் மறுபடி போய்விடும். பிறகு பெங்களூரில் இறக்கும்போது இடது பக்கத்துத் தட்டுகளில் கீழ் வரிசை முட்டைகள் மட்டும் விரிசல் விட்டிருந்தன. பிறகு ஆட்டம் வந்தது. வளைவில் திரும்பி நேரானதும் எந்த வண்டியும் நிமிர்ந்துவிடும். இந்த வண்டி நிமிர்ந்தது போல் இருந்துவிட்டு, தேவையே இல்லாமல் இன்னொரு முறை குலுங்கியது. சமதளத்தில், எதிரே வண்டி இல்லாத ரோட்டில், திடீரென்று பின்பக்கம் விக்கியது.

சாய்வைச் சரிக்கட்ட செங்கோடன் தானே வலப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டினார். அப்படியே பழகிவிட்டது. வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தாலும் வலது பக்கம் சாய்ந்துதான் உட்கார்ந்தார்.

தொப்பூர் கணவாயில்தான் அது பெரிதானது. சோள லோடோடு இறங்கிக்கொண்டிருந்தார். வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தபோது வண்டி இடது பக்கம் சாய்ந்தது, சாய்ந்தபடியே நின்றது, அதற்கு மேல் விக்கியது. வலது பின்சக்கரம் தரையை விட்டு எழுந்ததை அவர் பார்க்கவில்லை, இடுப்பில் தெரிந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பள்ளத்தின் அடி வரைக்கும் தெரிந்தது. அங்கே ஏற்கெனவே விழுந்த வண்டிகளின் கூண்டுகள் கிடந்தன. அவர் பிரேக்கை மிதிக்காமல், மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு வண்டி மெதுவாகத் தானே சக்கரத்தைக் கீழே வைத்துக்கொண்டது.

லாரி ஸ்டாண்டில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். இடது பை செத்துப்போனவளின் மூச்சு. இறங்கத்தான் செய்யும். அதைக் கழற்றிப்போட்டுவிட்டு, உயிரோடு இருக்கிற யாரையாவது ஊதச் சொல்ல வேண்டும்.

கந்தப்பனும் அதையே சொன்னார். "செங்கோடா, உன்ற வீட்டுக்காரி கையால நானும் சோறு தின்னவன்தான். இருந்தாலும் சொல்றேன். அந்தப் பையை மாத்தாம இனி முட்டை ஏத்த முடியாது."

"பார்க்கறனுங்க" என்றார் செங்கோடன். பார்க்கவில்லை. வண்டியை வீட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு இடது சக்கரத்தின் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டார். பாவாயியின் புடவைகளை அவள் தங்கைகள் கேட்டபோது கொடுத்துவிட்டார். தோடு கோகிலவாணிக்குப் போயிற்று. மிச்சம் இருந்தது பைக்குள் இருந்ததுதான்.

முட்டை இல்லாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும்? கடைசியில் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு சேலம் ரோட்டில் இருந்த தில்ஷாத்தின் பட்டறைக்குப் போனார். தில்ஷாத் காற்று வேலை மட்டும் பார்ப்பாள். எஞ்சின் பக்கம் திரும்பமாட்டாள். நாற்பதைத் தாண்டியவள், குரல் கட்டையாக இருக்கும், எதையும் பார்க்காமல் சொல்லமாட்டாள் என்று பெயர்.

"பையை மாத்தணும் தங்கச்சி" என்றார் செங்கோடன். சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பை?"

"இடது. என்ற சம்சாரத்துது."

"யார் பார்த்துச் சொன்னாங்க?"

"எல்லாரும் சொன்னாங்க."

"எல்லாரும் சொன்னாங்க. பார்த்தது யாருங்கண்ணா?" என்று கேட்டுவிட்டு அவள் வண்டிக்கு அடியில் போனாள்.

முதலில் ஷாக் அப்சார்பர் இரண்டையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். ஓடி வந்த வண்டியில் அவை சூடாக இருக்க வேண்டும். சில்லென்று இருந்தால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இரண்டும் சூடாகத்தான் இருந்தன. ஆக்சிலைப் பிடித்திருக்கும் கம்பிகளின் புஷ்களைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தாள். ஆட்டம் இல்லை. பிறகு வண்டியைச் சிமெண்ட் தரை மட்டமாக இருந்த இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, சேஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே டேப் பிடித்து அளந்தாள். இடது பக்கம் அளந்தாள். வலது பக்கம் அளந்தாள். மறுபடி போய் இடது பக்கம் அளந்தாள்.

"அண்ணா, இடது பக்கம் இறங்கலை."

"சாயுதே தங்கச்சி."

"சாயுது. இடது பை அன்னைக்கு ஷெட்டுல இருந்து வந்த உயரத்துலதான் இருக்குது. வலதுதான் நாலு விரக்கடை ஏறி நிக்குது. அது ஏறுனதுல இது இறங்குன மாதிரி தெரியுது."

செங்கோடன் குனிந்து வலது பக்கத்தைப் பார்த்தார். அவர் மனம் இடது பையைக் கழற்றுவதற்காகத் தன்னைத் தயார்செய்து வைத்திருந்தது. இப்போது அந்தத் தயாரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தில்ஷாத் சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் தொட்டு இரண்டு பைகளிலும் குழாய் முனைகளிலும் தடவினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. எங்கும் கசிவு கிடையாது. இடது பக்கத்து லெவல் வால்வின் கம்பியைக் கழற்றிக் கையால் மேலே தள்ளினாள். பைக்குள் காற்று போனது. கீழே தள்ளினாள், இடது பை உஸ்ஸென்று விட்டது. வலது பக்கமும் அப்படியே செய்தாள். மேலே தள்ளினால் வாங்கிக்கொண்டது. கீழே தள்ளினால் சத்தமே இல்லை. புது வால்வைப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் அதேதான்.

"வால்வு திறக்குது. பை விடமாட்டேங்குது" என்றாள்.

நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, அதன் நுனியை இடது பையின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு வெளியே வந்து அவரிடம் நீட்டினாள்.

"கேட்கறதுன்னா கேளுங்க. ஆனா ஒரு தரம்தான். செத்தவங்க மூச்சு ஒழுகாது. காது வெச்சுக் கேட்டா மட்டும் கொஞ்சம் காதோட வந்திரும்."

செங்கோடன் வண்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுத்து, பிடியைக் காதில் வைத்தார். பாவாயி தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராகப் போய்ச் சீராக வந்தது. ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் மெல்லிய விசில் ஒன்று. சின்ன வயதில் மூக்கில் அடிபட்டதால் வருவது. இருபத்தைந்து வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டது. வெயில் காலத்தில் அவள் இந்த மாதிரி தூங்கும்போது அவர் வண்டிச் சாவியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்புவார். இப்போதும் அவருக்கு, எழுப்பக்கூடாது என்றுதான் முதலில் தோன்றியது. காதை எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. எடுக்க முடியவில்லை. தில்ஷாத் அவரைக் கூப்பிடாமல் டீ குடிக்கப் போய்விட்டு வந்தாள்.

"அசையாம இருக்கறது அதுதாங்கண்ணா" என்றாள் வந்து. "உங்க வண்டியில குறையில்லாத பை அது ஒண்ணுதான். இப்ப வலதைக் கேளுங்க. அது உயிரோட இருக்கிறவங்கது, குறையாது."

வலது பையில் மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. போய், ஓரிடத்தில் தடுக்கி, நின்றது. வெளியே வர முட்டி ஒரு தெண்டு தெண்டியது. வராமல் மறுபடி உள்ளேயே போனது. அந்தத் தெண்டலுக்குச் சரியாக, அவர் தலைக்கு மேலே காலியாக நின்றிருந்த வண்டி ஒருமுறை குலுங்கியது.

"உங்க பொண்ணு கடைசியா எப்ப அழுதா?" என்று தில்ஷாத் கேட்டாள்.

செங்கோடன் யோசித்தார். "எழவுக்கு அழுகலை. நான் அழுகாதன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் சொல்லலை."

அவள் தலையாட்டினாள். இந்த மாதிரி வண்டிகள் அவளிடம் முன்பும் வந்திருக்கின்றன. பையைக் கழற்றி ஓசூருக்கு எடுத்துக்கொண்டு போகலாமா என்று செங்கோடன் கேட்டார். முடியாது என்றாள். கழற்றினால் மூச்சு யாருடையது என்று பைக்கு மறந்துபோகும். வண்டியோடுதான் போக வேண்டும். அந்தப் பெண் அழுதால் அது தானாக இறங்கும். முழுக்க இறங்கியதும் மேலே உள்ள நட்டைத் திறந்து, ரப்பரில் சூடு ஆறுவதற்குள் புதிதாக ஊதச் சொல்ல வேண்டும். ஸ்பேனர் ஒன்றையும் கொடுத்தாள்.

காலி வண்டியை ஓட்டிக்கொண்டு செங்கோடன் ஓசூருக்குப் போனார். காலியாக இருந்ததால் விக்கல் இன்னும் பலமாகத் தெரிந்தது. கணவாய் ஏற்றத்தில் அவர் வலப்பக்கம் சாய்ந்து, ஜன்னலுக்கு வெளியே தோள் தெரிய ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் அவர் கை காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

கோகிலவாணி ரோஜாப் பண்ணை ஒன்றில் வேலை பார்த்தாள். பிளாஸ்டிக் கூரை போட்ட நீண்ட கொட்டகைகள். பறித்து வரும் ரோஜாக்களைக் காம்பின் நீளம் பார்த்துப் பிரித்து, முள்ளைச் சீவி, காகிதத்தில் சுருட்டிக் கட்டுவது அவள் வேலை. வண்டியை அவர் தைல மரங்களின் ஓரம் நிறுத்தினார். சாப்பாட்டு நேரத்தில் அவள் கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் மார்பு மட்டும், நிறைய காற்றை அடைத்து வைத்தது போல் உயர்ந்து நின்றது. பேசும்போது வார்த்தைக்கு நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"வாங்கப்பா. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு கண்ணு."

அவள் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். வலது பக்கத்தில் வந்து நின்றாள். கை நீட்டி, சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னாலயா?"

"ஆமா கண்ணு."

"நீங்கதான அழுகாதன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இப்ப அழுகுன்னு சொல்லத்தான் வந்தேன்."

"சரிங்கப்பா" என்றாள்.

வலது சக்கரத்தின் நிழலில் உட்கார்ந்தாள். அழுவதற்குப் பார்த்தாள். முகம் கோணியது, மார்பு ஏறியது, அங்கேயே நின்றது. வண்டி ஒருமுறை குலுங்கியது. இன்னொரு முறை பார்த்தாள். வண்டி இன்னும் கொஞ்சம் ஏறியது. அவளோடு வேலை செய்கிற பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு கொஞ்சம் தள்ளி மர நிழலில் உட்கார்ந்தார்கள். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட விஷயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது.

"வரலீங்கப்பா. ரொம்ப நாளாச்சில்ல. எங்க வெச்சேன்னே தெரியலை."

செங்கோடன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நீங்க அழுதீங்களாப்பா?"

"தினம் அழுதுட்டுத்தான் ஓட்டறேன். கேபின்ல யார் பார்க்கறா?"

கோகிலவாணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப எனக்கு மட்டும் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். அதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டார். "நான் சித்ரதுர்கா பக்கம் நின்னுட்டு இருந்தேன் கண்ணு. வண்டியில சோளம் இருக்குது. உன்ற அழுகையைக் கேட்டுட்டா அங்கிருந்து வண்டியை ஓட்டிட்டு வர முடியாதுன்னு நினைச்சேன். நான் வந்து சேரணும்னு சொன்னதுதான் அது. வந்து சேர்ந்ததும் மாத்திச் சொல்லியிருக்கணும். மறந்துட்டேன்."

அவள் கையுறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக மடியில் வைத்தாள். ரோட்டில் பூ வண்டி ஒன்று போயிற்று. அவளுக்கு இன்னும் பாதிச் சாப்பாட்டு நேரம்தான் இருந்தது.

"அந்தப் பக்கம் உங்கம்மா தூங்கறா. வந்து கேளு" என்றார் செங்கோடன்.

தில்ஷாத் சொன்னதை மகளுக்கும் சொன்னார். கேட்டால் கொஞ்சம் குறையும் என்பதையும் சொன்னார். கோகிலவாணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள். ஸ்க்ரூ டிரைவர் எதுவும் கேட்கவில்லை. தூசி படிந்த ரப்பரின் மேல் கன்னத்தையே வைத்துக்கொண்டாள். ஒரு கையால் பையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

வெகு நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு வலது பக்கத்து வால்வு திறந்தது.

அழுகைச் சத்தம் வெளியே கேட்கவில்லை. எல்லாம் வால்வு வழியாகவே வந்தது. முதலில் விட்டு விட்டு, பிறகு நிற்காமல், தரைப் புழுதியை எழுப்பிக்கொண்டு உஸ்ஸென்று வந்தது. தைல மரத்தின் காய்ந்த இலைகள் விலகி ஓடின. மர நிழலில் இருந்த பெண்கள் டிபன் பாக்ஸ்களைக் கையால் மூடிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் வீட்டிலும் வண்டி இருக்கலாம். வந்த காற்றில் கொய்யாக்காய் வாசனை அடித்தது. அதை முகர்ந்ததும் செங்கோடனுக்கு ஷெட்டில் பாவாயி, பாதி கடித்த காயைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது நினைவுக்கு வந்தது. அவர் எழுந்து வண்டியின் முன்பக்கம் போய், பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வலது பக்கம் மெதுவாக இறங்கியது. இடதோடு சமமாயிற்று. அதற்குக் கீழேயும் இறங்கியது. கடைசியில் சேஸ் முட்டு ரப்பரின் மேல் உட்கார்ந்து நின்றது. அழுகை அப்புறமும் கொஞ்ச நேரம் வந்தது. அதற்கு வண்டியில் இறங்குவதற்கு இடம் இருக்கவில்லை.

கோகிலவாணி வெளியே வந்தபோது கன்னத்தில் ரப்பர் கறுப்பு ஒட்டியிருந்தது. மூச்சு சாதாரணமாகப் போய்வந்தது. திரும்பி இடது பக்கத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் அதிகமாக் கேட்டுட்டேன்பா."

இடது பக்கம் ஒரு விரக்கடை இறங்கியிருந்தது. செங்கோடன் குனிந்து விரலை வைத்துப் பார்த்தார். ஒரு விரல்தான்.

"பரவால்ல. உனக்கும் பங்கு இருக்குதில்ல" என்றார்.

வலது பையின் நட்டைத் திறந்தார். ரப்பர் இன்னும் சூடாக இருந்தது. அவள் வாயை வைத்து ஊதினாள். பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்தபோது ஊதியது போல் ஒரே மூச்சில் முடியவில்லை. நடுநடுவே நிறுத்தி, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஊதினாள். செங்கோடன் அதைப் பார்க்காதது போல் இடது பக்கத்து உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் சமமானதும், "போதும் கண்ணு" என்றார். அவள் நிறுத்தினாள். வண்டி பழைய உயரத்தை விட ஒரு விரல் தாழ்ந்து, இரண்டு பக்கமும் ஒன்றாக நின்றது. இனி அதுதான் அதன் உயரம்.

உள்ளே மணி அடித்தது. கோகிலவாணி கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த லோடுக்கு வர்றப்ப வீட்டுக்கு வாங்கப்பா. ரோட்டோட போயிராதீங்க."

"வர்றேன்" என்றார்.

அவள் கொட்டகைக்குள் போகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். திரும்பி வரும் வழியில் வண்டி ஆடவில்லை, விக்கவில்லை. வளைவில் திரும்பி, நிமிர்ந்து, அத்தோடு விட்டுவிட்டது. செங்கோடன் மட்டும் இன்னும் வலப்பக்கம் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். தான் இடது பக்கம் விழப்போவது போல் இருந்தது. கிருஷ்ணகிரி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார். கழுத்து வலித்தது. வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது இறங்கி இடது பின்சக்கரத்தின் பக்கத்தில் போய் நின்றார். குனிந்தால் கேட்கலாம். ஒரு நிமிஷம்தான். அவர் குனியவில்லை. டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வண்டியில் ஏறினார். சத்தமில்லாமல் ஸ்டார்ட் செய்ய முடிகிற வண்டியாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

தர்மபுரியைத் தாண்டும்போது பொழுது இறங்கிவிட்டது. விளக்குப் போட்டுக்கொண்டு தொப்பூர் கணவாயில் இறங்கினார். இரண்டாவது வளைவில் வண்டிகள் வரிசையாக நின்றன. வளைவுக்கு இந்தப் பக்கம் அந்தி. அந்தப் பக்கம், கீழே சேலம் வரைக்கும், சுள்ளென்று மத்தியான வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சேலம் நாமக்கல் பக்கத்துக்குச் சாயங்காலத்தை ஏற்றிப் போய்க்கொண்டிருந்த லாரி ஆக்சில் ஒடிந்து ரோட்டோரம் நின்றுவிட்டது. போலீஸ்காரர் ஒருவர் டார்ச்சை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"வண்டி காலியா?"

"காலிதானுங்க."

"வளைவுல ஆடுமா?"

"இப்ப ஆடாதுங்க."

"அப்ப ரிவர்ஸ்ல வாங்க. லோடு மாத்தணும்."

செங்கோடன் வண்டியைப் பின்னால் கொண்டுபோய் ஒடிந்த லாரியோடு ஒட்டி நிறுத்திப் பின்கதவைத் திறந்துவிட்டார். சுமைக்காரர்கள் கை மாற்றிக் கை மாற்றி ஏற்றினார்கள். குளிர்ச்சி கனமாக இருந்ததால் அதை அடியில் போட்டார்கள். அதன் மேல் நீல நிறத்தையும், அதன் மேல் சிவப்பையும், உடையாமல் இருக்கக் கடைசியாகப் பறவைச் சத்தத்தையும் வைத்தார்கள். பாரம் ஏற ஏற இரண்டு பைகளும் காற்றை வாங்கிக்கொண்டன. அவர் இறங்கி வந்து இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்த்தார். தார்ப்பாயை இழுத்து மூடிக் கயிறு போட்டார்கள்.

"அலுங்காமக் கொண்டு போங்க" என்றார் ஒரு சுமைக்காரர்.

அவர் இரண்டாவது கியரிலேயே இறங்கினார். சேலத்துப் பங்கைக் கொண்டலாம்பட்டிக்கு வந்து இறக்கிக்கொண்டார்கள். அதற்கு மேல் வண்டி கொஞ்சம் லேசாயிற்று. ராசிபுரத்துக்கு வரும்போது வெயில் இன்னும் உச்சியில் நின்றது. பண்ணைகளின் கோழிகள் எல்லாம் கம்பிவலை ஓரம் வந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றன. வாசலில் நின்ற பெண்கள் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார்கள். செங்கோடன் புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டி, பின்னால் ஏறி, தார்ப்பாயின் ஒரு முனையை மட்டும் அவிழ்த்து, ராசிபுரத்துப் பங்கை வெளியே விட்டார்.